பழைய காருக்கு எந்த எஞ்சின் ஆயில் பொருந்தும்?

1,40,000 கிலோமீட்டர் ஓடிய தங்கள் பெட்ரோல் காரில் ஆயில் குறைவதால் 20டபிள்யூ-50 ஊற்றலாமா என்று நாகர்கோவிலிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அவ்வளவு கெட்டியான ஆயிலுக்கு உடனே தாவ வேண்டாம்.

டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னுள்ள எண் 100 டிகிரி செல்சியஸில் அதன் பாகுத்தன்மையையும், அதாவது கெட்டித்தன்மையையும், குறிக்கின்றன. கடும் குளிர் காணாத நம் ஊரில் முதல் எண்ணைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் பேச்சிப்பாறைக்கு மேலே மலைச்சாலையில் ஏறி எஞ்சின் சூடேறும்போது, பேரிங்குகளுக்கு நடுவே ஆயில் படலம் கிழியாமல் நிற்பதற்கு இரண்டாம் எண்ணே முக்கியம். ஆகவே கையேடு 10டபிள்யூ-30ஐப் பரிந்துரைத்து, 10டபிள்யூ-40ஐயும் அனுமதித்தால், தேய்ந்த எஞ்சினுக்கு அந்த ஒரு படி உயர்வே போதுமானது. அதற்கும் மேல் கெட்டியானால், காலையில் ஸ்டார்ட் செய்த முதல் நொடிகளில் குறுகிய துவாரங்களுக்கு ஆயில் தாமதமாகவே போய்ச் சேரும். எஞ்சின் தேய்மானம் மிகுவது அப்போதுதான்.

அதைவிட முக்கியம், ஆயில் ஏன் குறைகிறது என்று அறிவது. வண்டி நின்ற தரையில் கறை இருந்தால் கசிவு. நெடுநேரம் நிறுத்தியபின் ஸ்டார்ட் செய்தவுடன் மட்டும் புகைக்குழாயில் நீலப்புகை (ஆயில் எரிவதன் அடையாளம்) வந்தால் வால்வு சீல் கெட்டிருக்கக்கூடும். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கெட்டியான ஆயில் இவற்றைச் சிறிது காலம் மறைக்குமேயன்றிச் சரிசெய்யாது.

டப்பாவில் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) வழங்கும் எஸ்என் அல்லது எஸ்பி தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கை இழுத்து அளவைப் பார்ப்பதும், குறைவாக ஓடினாலும் ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்தே மாற்றுவதும் கட்டாயம்.