கடைக் கணினியில் பேசுகிறது, கைபேசியில் திணறுகிறது

கேள்வி: தக்கலைப் பக்கம் எங்களுக்கு ஒரு நர்சரி இருக்கிறது. ஏத்தன், மட்டி, செந்துளுவன் வாழைக்கன்றுகளோடு தென்னந்தையும் ரப்பர் கன்றும் விற்கிறோம். ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லி அப்பா அலுத்துப்போனார். அதனால் செயற்கை நுண்ணறிவு மாடலைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டும் ஒல்லாமா என்ற மென்பொருளைக் கடைக் கணினியில் நிறுவி, வீட்டுக்காரர்கள் பயன்படுத்த ஓப்பன் வெப்யூஐ என்ற உரையாடல் திரையை வைத்தேன். வாடிக்கையாளருக்காக ஒரு சிறிய உரையாடல் பக்கத்தை நானே எழுதினேன். கடை வைஃபையில் இணைந்த கைபேசியில் அந்தப் பக்கம் திறக்கிறது, பதில்தான் வருவதில்லை. மைக் பொத்தானும் அங்கே வேலை செய்யவில்லை. கணினியில் பதில் வருகிறது, ஆனால் நடுநடுவே கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி தெரிகிறது. கிராஃபிக்ஸ் கார்டு வாங்கி, பெரிய மாடலுக்கு மாறினால் சரியாகுமா?

பதில்: வாங்காதீர்கள். நீங்கள் எழுதிய எந்தக் கோளாறுக்கும் மாடல் காரணமில்லை. மாடல் பதிலைச் சொல்லிவிடுகிறது. அது திரைக்கு வந்து சேரும் வழியில்தான் அடிபடுகிறது.

கைபேசியில் பதில் வராததற்குக் காரணம் ஒரு சொல். உங்கள் பக்கத்தில் ஒல்லாமாவின் முகவரியை ‘லோக்கல்ஹோஸ்ட் 11434’ என்று எழுதியிருப்பீர்கள் (11434 ஒல்லாமா கேட்கும் வாசல் எண்). லோக்கல்ஹோஸ்ட் என்றால் ‘இந்தக் கருவியே’ என்று பொருள். பக்கம் கைபேசியில் திறக்கும்போது அது கைபேசிக்குள்ளேயே ஒல்லாமாவைத் தேடுகிறது. ஒல்லாமாவை வைஃபை முழுவதற்கும் திறந்துவிடும் வழியைச் சிலர் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. கடவுச்சொல் கேட்காத ஒரு சேவையைக் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் தொடும்படி ஏன் வைக்க வேண்டும்? பைதானிலோ நோட் ஜேஎஸ்ஸிலோ ஐம்பது வரிக்குள் ஒரு சிறிய சர்வர் எழுதுங்கள். பக்கத்தை அதுவே வழங்கட்டும். கேள்வியை வாங்கி ஒல்லாமாவிடம் கொடுத்துப் பதிலைத் திருப்பட்டும். பக்கமும் பதிலும் ஒரே முகவரியிலிருந்து வருவதால் வேறு முகவரியிலிருந்து வரும் பதிலைப் பக்கம் படிக்கவிடாமல் பிரவுசர் எழுப்பும் ‘கார்ஸ்’ தடையும் தானாகப் போய்விடும். மாடலுக்குக் கொடுக்கும் அறிவுறுத்தலையும் இந்தச் சர்வரிலேயே வையுங்கள். பக்கத்தில் எழுதினால் யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம், மாற்றவும் செய்யலாம்.

கேள்விக்குறிச் சங்கதி சுவையானது. ஆங்கிலத்தில் மட்டுமே சோதிக்கிறவர்கள் கண்ணில் இது படவே படாது. ‘மட்டி’ நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ம, ட, புள்ளி, ட, இகரக் குறி என ஐந்து குறியீடுகள். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் என்பதால் மொத்தம் 15 பைட். பதில் துண்டு துண்டாக வரும்போது, ஒரு குறியீட்டின் இரண்டு பைட் ஒரு துண்டின் கடைசியிலும் மிச்சம் ஒன்று அடுத்த துண்டின் தொடக்கத்திலும் வந்து விழலாம். துண்டுக்கு ஒரு புது டெக்ஸ்ட்டிகோடரை (பைட்டை எழுத்தாக்கும் பிரவுசர் கருவி) உருவாக்கினால், அரைகுறைப் பைட்டைப் பார்த்து அது கைவிரித்துவிடும். அந்தச் சாய்சதுரம் அப்படிப் பிறப்பதுதான். பதில் முடியும்வரை ஒரே டிகோடரை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ‘ஸ்ட்ரீம்’ விருப்பத்தை ‘ட்ரூ’ என்று கொடுங்கள். மிச்சப் பைட்டை அது நினைவில் வைத்து அடுத்த துண்டோடு சேர்த்துக்கொள்ளும்.

இதே இடத்தில் இன்னொரு பள்ளமும் உண்டு. ஒல்லாமா பதிலை ஒரு வரிக்கு ஒரு ஜேசன் (தரவை எழுதும் ஒரு வடிவம்) என்று அனுப்புகிறது. வந்து சேரும் துண்டில் அரை வரியும் இருக்கலாம், மூன்று வரியும் இருக்கலாம். வரி முடியும்வரை சேர்த்துவைத்துப் பிறகு பிரியுங்கள். பிரித்த பதிலைத் திரையில் ‘இன்னர்ஹெச்டிஎம்எல்’ வழியாகப் போடாமல் ‘டெக்ஸ்ட்கன்டென்ட்’ வழியாகப் போடுங்கள். யாராவது விளையாட்டுக்குத் தட்டும் நிரல்துண்டு அப்போது வெறும் எழுத்தாகவே நிற்கும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் விசைப்பலகையில், பரிந்துரைச் சொல்லைத் தேர்ந்தெடுக்கவும் என்டரைத்தான் அழுத்துவார்கள். உங்கள் பக்கம் அதை ‘அனுப்பு’ என்று எடுத்துக்கொண்டால் பாதிக் கேள்வி பறந்துவிடும். விசை நிகழ்வில் ‘இஸ்கம்போசிங்’ (சொல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது என்ற குறி) உண்மையாக இருந்தால் அனுப்பாமல் விடுங்கள்.

மைக் விஷயத்தில் உங்கள் நிரலைத் திட்டிப் பயனில்லை. ஹெச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு அல்லது லோக்கல்ஹோஸ்ட் முகவரியாக இருந்தால் மட்டுமே பிரவுசர் மைக்கைத் தரும். 192.168 என்று தொடங்கும் வெறும் ஹெச்டிடிபி முகவரிக்குத் தராது. ‘கேடி’ (Caddy) போன்ற வலைச் சர்வரை முன்னால் நிறுத்திச் சான்றிதழ் ஏற்பாடு செய்யலாம்தான். வைஃபைக்குள் மட்டும் ஓடும் பக்கத்துக்கு அது பெரிய அலைச்சல். கைபேசி விசைப்பலகையிலேயே தமிழ்க் குரல் உள்ளீடு இருக்கிறது. பக்கம் எப்படித் திறந்தாலும் அது வேலை செய்யும். உங்கள் மைக் பொத்தானை எடுத்துவிட்டு, ‘விசைப்பலகையின் மைக்கை அழுத்திப் பேசலாம்’ என்று பெட்டியின் மேல் எழுதுங்கள்.

மாடலுக்குச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அதற்குப் பணம் வேண்டாம். ஏத்தன் என்பது நேந்திரன் என்றும், தென்னந்தை என்பது தென்னங்கன்று என்றும் அறிவுறுத்தலில் எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் தை எப்போது நடலாம் என்று கேட்பவருக்கு அது தை மாதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். விலையை மட்டும் மாடல் வாயால் சொல்ல விடாதீர்கள். தெரியாவிட்டாலும் துணிந்து ஒரு தொகையைச் சொல்லிவிடும். அந்தத் தொகைக்கே கன்று கொடு என்று ஒருவர் வந்து நின்றால் அப்பா பாடு திண்டாட்டம். விலைப்பட்டியலை ஒரு கோப்பில் வைத்து, விலை கேட்டால் சர்வரே அதிலிருந்து எடுத்துக் காட்டட்டும்.

ஓப்பன் வெப்யூஐயில் இரண்டைச் சரிபாருங்கள். அதில் முதலில் பதிவு செய்த கணக்கே நிர்வாகிக் கணக்கு. கடைப் பையன் விளையாட்டாகப் பதிந்திருந்தால் சாவி அவன் கையில் இருக்கிறது. மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரில் அதை வைத்திருக்கிறீர்கள் என்றால், தரவுக்குத் தனி வால்யூம் (பெட்டிக்கு வெளியே உள்ள சேமிப்பிடம்) கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கொடுக்காமல் புதுப் பதிப்புக்கு மாறினால் கணக்குகளும் பழைய உரையாடல்களும் கன்டெய்னரோடு சேர்ந்து போய்விடும்.