ஜெய்ப்பூர் கால் இலவசமா?

கேள்வி: சுகர்ல அப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க, கூலிக் குடும்பம் சார். ஜெய்ப்பூர் கால் ஃப்ரீன்னு சொல்றாங்களே, நெசமா?
- வாசகி, தேனி

பதில்: நெசம்தாம்மா. 1968 வாக்குல ராம்சந்திர சர்மாங்கிற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்குன ரப்பர் பாதம் அது, செருப்பில்லாம வயல்ல இறங்கலாம், சம்மணம் போட்டு உக்காரலாம், அந்தக்கால வெளிநாட்டுக் கால்ல இதெல்லாம் எங்க முடிஞ்சுது! 1975ல டி.ஆர். மேத்தா ஆரம்பிச்ச பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதிங்கிற ஜெய்ப்பூர் தொண்டு அமைப்பு காசே வாங்காம மாட்டிவிடுது, வெளியூர்லயும் கேம்ப் போடுறாங்க. ஆனா அவசரப்படாதீங்க, புண்ணு முழுசா ஆறி வீக்கம் வத்தணும், இல்லேன்னா அளவெடுத்த கால் பின்னாடி லூசாயிடும். சுகர்காரங்களுக்கு உரசுனாலும் தெரியாது, அதனால மாட்டுன பிறகு தினமும் கழட்டிப் பாருங்க. யூடிஐடி கார்டுக்கு, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு, இப்பவே எழுதிப் போட்டுடுங்க.