ஒரே லைப்ரரி, நாலு புரொஜெக்ட்: கேள்வி பதில்

கிளிநொச்சியில வீட்டில இருந்தே வேலை செய்யிறன். ஒண்டுக்கு மேல புரொஜெக்ட் வைச்சிருக்கிற ஆக்கள் லைப்ரரி (பல புரொஜெக்டில திருப்பிப் பாவிக்கிற ரெடிமேட் கோட்; பக்கேஜ் எண்டும் சொல்லுவினம்) வேர்ஷன்களோட படுற பாட்டைப் பற்றி வன்னிப் பெடியள் கேட்டதுகளுக்கு இது பதில்.

வவுனியா: அண்ணை, என்ர லப்டொப்பில ஓடுறது கூட்டாளியின்ர மெஷினில ஓடுதில்லை. கோட் ஒண்டுதான்.

லொக் பைலை (எந்த லைப்ரரி எந்த வேர்ஷன் எண்டு அப்பிடியே எழுதி வைக்கிற பைல்) கிட்டில, அதாவது கோட்டின்ர மாற்றங்களைப் பதிஞ்சு வைக்கிற கருவியில, போட்டனீங்களோ தங்கச்சி? கனபேர் அதைக் குப்பையெண்டு ஒதுக்கிவிடுவினம். புரொஜெக்டுக்குத் தேவையான லைப்ரரிகளை எழுதி வைக்கிற பக்கேஜ்.ஜேசனில ^1.2.3 எண்டு கிடந்தா, 1.2.3இல இருந்து 2.0.0க்குக் கீழ எது வந்தாலும் சரி எண்டுதான் அர்த்தம். நீங்கள் மாசியில இன்ஸ்டோல் பண்ணியிருப்பியள், அவ ஆனியில. இடையில 1.4 வந்திருக்கும். லொக் பைலை ஏத்திப்போட்டு, அவவை ‘என்பிஎம் சிஐ’ (என்பிஎம் எண்டது ஜாவாஸ்கிரிப்ட் பக்கேஜுகளை இறக்கிற கருவி) அடிக்கச் சொல்லுங்கோ. லொக்கில உள்ளதை மட்டும்தான் போடும், பக்கேஜ்.ஜேசனோட ஒத்துவராட்டி பிழை காட்டி நிண்டிடும்.

^0.2.3 வேற கதை, அது 0.3.0க்குக் கீழ மட்டும்தான். பூச்சியத்தில தொடங்கிற வேர்ஷன் இன்னும் பால் கதிர்.

கிளிநொச்சி: நாலு புரொஜெக்டுக்கும் நாலு நோட் மொடியூல்ஸ் (இறக்கின லைப்ரரியெல்லாம் கிடக்கிற போல்டர்). டிஸ்க்கும் காணாது, டேட்டாவும் காணாது.

என்பிஎம்முக்குப் பதிலா பிஎன்பிஎம்முக்கு மாறுங்கோ. ஒரு வேர்ஷனை டிஸ்க்கில ஒருக்கா வைச்சு எல்லாப் புரொஜெக்டுக்கும் ஹார்ட் லிங்க் (கொப்பி எடுக்காமல் அதே பைலைக் காட்டிற இணைப்பு) குடுக்கும். நாலஞ்சு பேர் ஒரு அறையில இருந்து வேலை செய்யிறதெண்டா ஒரு பழைய மெஷினில வேர்டாச்சியோ எண்ட பக்கேஜ் சேர்வரைப் போடுங்கோ. முதல் ஆள் இறக்கினது அதில தங்கும், மற்றாக்கள் அதில இருந்து எடுக்கலாம்.

முல்லைத்தீவு: மூண்டு கிளையண்டுக்கும் ஒரே பில் கோட்டைக் கொப்பி பண்ணி வைச்சிருக்கிறன். லைப்ரரியாக்கட்டோ?

நான் ஆக்கிப்போட்டு வாங்கிக் கட்டினனான் தம்பி. திகதி எழுதிற பங்ஷனில நாளையும் மாதத்தையும் இடம் மாத்தினன். சின்ன வேலைதானே எண்டு கடைசி எண்ணை மட்டும் கூட்டி 1.3.1 எண்டு விட்டன். மற்ற ரெண்டு புரொஜெக்டும் ^ போட்டபடியா தாங்களா இழுத்துக்கொண்டுதுகள். ஒரு கடையில சித்திரை 3ஆம் திகதி பில்லெல்லாம் பங்குனி 4 எண்டு அடிபட்டது. பாவிக்கிறவன் தன்ர கோட்டை மாத்தவேண்டி வந்தா அது 2.0.0, எத்தினை வரி மாத்தினாலும். இரணைமடுக் குளத்துத் துருசைத் திறக்கிற ஆள் கீழ யாரின்ர வயல் இருக்கெண்டு தெரியாமல் திறக்கிறதில்லை, நான் திறந்திட்டன்.

மூண்டும் உம்மட கையில எண்டா ஒரே ரெப்போவில (கிட்டில கோட் கிடக்கிற களஞ்சியம்) வேர்க்ஸ்பேஸா, அதாவது பக்கத்துப் பக்கத்தில பல பக்கேஜா, வையும். லைப்ரரியை மாத்தின உடன மூண்டின்ர டெஸ்டும் ஓடட்டும். கிளையண்டுகள் ரெப்போவைத் தனித்தனியாக் கேட்டா, வேர்ஷன் போட்ட பிரைவேட் பக்கேஜ். நாற்பது வரிதான் எண்டா கொப்பியே கிடக்கட்டும், வெக்கமில்லை. 2016 பங்குனியில லெஃப்ட்-பேட் எண்ட 11 வரிப் பக்கேஜை எழுதினவர் என்பிஎம்மில இருந்து எடுத்துவிட, அதில தங்கியிருந்த பேபல் எண்ட கருவியைப் பாவிச்ச ஆக்களின்ர பில்டெல்லாம் (கோட்டை ஓடுற மாதிரிக் கட்டி எடுக்கிற வேலை) படுத்ததுதானே.

மன்னார்: எல்லாத்தையும் எப்பவும் லேட்டஸ்டில வைச்சிருந்தா பாதுகாப்போ?

பாதிதான் உண்மை. 2021 மார்கழியில லொக்ஃபோர்ஜே எண்ட ஜாவா லைப்ரரியின்ர பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, தங்கட எந்தப் புரொஜெக்டுக்குள்ள அது ஒளிச்சிருக்கெண்டே தெரியாமல் பலபேர் நாள்கணக்காத் தேடினவை. 2024 பங்குனியில நடந்தது மறுபக்கம். எக்ஸ்ஸெட் எண்ட பைல் சுருக்கிற கருவியின்ர 5.6.0, 5.6.1 ரெண்டிலயும் பின்கதவு வைச்சிருந்தினம். எஸ்எஸ்எச் (தூரத்து மெஷினுக்குள்ள பாதுகாப்பாப் போற வழி) லொகின் அரை செக்கன் பிந்துதெண்டு சந்தேகப்பட்ட ஒராளாலதான் பிடிபட்டது. அவசரப்பட்டுப் புதுசுக்குப் போனவைக்குத்தான் முதல்ல வந்தது.

பாதுகாப்புத் திருத்தம் எண்டா அண்டைக்கே போடுவன். மற்றதுகளை ரெண்டு கிழமை ஆறவிட்டு, ஒவ்வொண்டா, ஒவ்வொரு கொமிட்டா (கிட்டில தனித்தனிப் பதிவா) ஏத்துவன். எது எதுக்குள்ள இருக்கெண்டு பாக்க ‘என்பிஎம் எல்எஸ்’ அடிச்சு, பின்னால பக்கேஜின்ர பேரைக் குடுங்கோ.

வவுனியா: பைதனுக்கு?

புரொஜெக்டுக்கு ஒரு வேர்ச்சுவல் என்விரோன்மென்ட் (அந்தப் புரொஜெக்டின்ர லைப்ரரிகளைத் தனியா வைக்கிற இடம்). லினக்ஸோட வந்த பைதனில மட்டும் கை வைக்காதேங்கோ.