இலங்கை மலைநாட்டின் ஹோர்ட்டன் சமவெளியில் அந்த மஞ்சள் பூச்செடியை ஏன் பிடுங்குகிறார்கள்?

அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது நம் மலைச்செடி இல்லை. பெயர் கோர்ஸ், ஊர் மேற்கு ஐரோப்பா. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் வந்து சேர்ந்தது. சுமார் 2,100 மீட்டர் உயரத்துக் குளிர் அதற்கு நன்றாகவே ஒத்துப்போய்விட்டது.

முற்றிய செடி முழுக்க முள். அங்குள்ள மரை என்ற பெரிய மான்களுக்கு அது மேய்ச்சலாகாது, அது பரவும் இடத்தில் புல்லும் போய்விடும். அவரைக் குடும்பம் என்பதால் மண்ணில் நைட்ரஜனைச் சேர்க்கும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் சத்துக் குறைந்த மண்ணுக்குப் பழகிய பத்தனைப் புல்லுக்கு, அதாவது அந்த மலைவெளிப் புல்லுக்கு, அந்த மாற்றம் சாதகமில்லை. சரி, வெட்டிவிடலாமே? அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். நெற்று வெயிலில் வெடித்து விதையைத் தூர எறியும், அந்த விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். அதனால்தான் பிடுங்கிய இடத்திலேயே திரும்பத் திரும்பப் பிடுங்க வேண்டியிருக்கிறது.

வெளியிலிருந்து வந்தது கோர்ஸ் மட்டுமில்லை. அங்குள்ள ஓடைகளில் நீந்தும் வானவில் டிரவுட் மீனும் துரைமார் தூண்டில் விளையாட்டுக்குக் கொண்டுவந்ததுதான். உலகில் ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் மட்டுமே வாழும் ஒரு சின்ன நன்னீர் இறால் உண்டு. டிரவுட்டோ இறாலைக் கண்டால் விடாத மீன்.

அங்கே போனால், திரும்பும்போது சப்பாத்து மண்ணை அங்கேயே தட்டிவிட்டு வாருங்கள். கோர்ஸ் விதை அதிலும் ஒட்டிக்கொண்டு வரும்.