நான் அமைத்த கான்ட்ரா நடனம் புதியதுதானா?

கேள்வி: மாசசூசெட்ஸில் வசிக்கிறேன். கான்ட்ரா (ஜோடிகள் இரண்டு நீள வரிசைகளில் நின்று ஆடும் நாட்டுப்புற நடனம்) ஆடி ஆடி, இப்போது நானே ஒரு நடனம் அமைத்திருக்கிறேன். இசையின் நாலு பகுதிகளுக்கும் அசைவுகள் இவை. ஏ1: நெய்பருடன் (எதிர் ஜோடியில் இருப்பவர்) பேலன்ஸ் (முன்னும் பின்னும் ஓர் அடி), ஸ்விங் (இருவரும் பிடித்துச் சுழலுதல்). ஏ2: நீள வரிசைகள் முன்னே போய்த் திரும்புதல், ராபின்ஸ் செயின் (ஜோடியில் வலப்பக்கம் நிற்பவர் ராபின்; ராபின்கள் இருவரும் வலக்கை பிடித்து எதிர்ப்பக்கம் கடக்க, அங்கிருப்பவர் கைப்பிடித்துத் திருப்பிவிடுவார்). பி1: பார்ட்னருடன் பேலன்ஸ், ஸ்விங். பி2: இடப்பக்கம் முக்கால் வட்டம், பேலன்ஸ், எதிரே இருப்பவரைக் கடந்து அடுத்த ஜோடி. இதை ஏற்கெனவே யாராவது அமைத்திருக்கிறார்களா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: முதலில் நல்ல செய்தி. காகிதத்தில் நாலு பேரையும் நகர்த்திப் பார்த்தேன், சரியாக வருகிறது. முக்கால் வட்டம் சுற்றியதும் இரண்டு ஜோடியும் தொடங்கிய இடத்தில் நிற்கின்றன; கடந்து போனால் அடுத்த ஜோடி எதிரே. 64 எண்ணிக்கையும் சரி.

புதியதா என்றால், அநேகமாக இல்லை. நெய்பர், பார்ட்னர் இருவரோடும் ஸ்விங் வேண்டும், கடைசியில் ஜோடி நகர வேண்டும், எல்லாம் 64 எண்ணிக்கைக்குள் முடிய வேண்டும். அதற்குப் பிறகு மிஞ்சுவது கொஞ்ச இடம்தான். ஸ்விங் முடியும்போது ராபின் வலப்பக்கம் நிற்பார், அங்கிருந்து செயின் தானாக வந்து விழும். உங்களுக்குத் தோன்றியது வேறொருவருக்கும் தோன்றியிருக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தேடுவதற்கு 'தி காலர்ஸ் பாக்ஸ்', 'கான்ட்ரா டிபி' என்ற இரண்டு இணையத் தொகுப்புகள் போதும். தலைப்பை வைத்துத் தேடாதீர்கள், அசைவுகளை வைத்துத் தேடுங்கள். பழைய குறிப்புகளில் ராபின்ஸ் செயின் 'லேடீஸ் செயின்' என்றிருக்கும். பெயர்தான் வேறு, அசைவு ஒன்றே.

பலர் கோட்டை விடுவது இன்னொரு இடத்தில். நடனம் ஒரு சுழற்சி, எங்கிருந்தும் தொடங்கலாம். உங்கள் பி1-ஐ ஏ1 ஆக்கினால் பார்ட்னர்கள் ஒரே பக்கம் நின்று தொடங்கும் 'பெக்கெட்' நடனமாகிவிடும். தாளில் வேறு மாதிரி தெரியும், ஆடினால் அதே நடனம். அதனால் பெக்கெட் அமைப்பிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

கிடைத்துவிட்டால்? பி2-ஐத் தொடாதீர்கள், அது உறுதியான முடிவு. ஏ2-வின் 16 எண்ணிக்கையில் கை வையுங்கள். உதாரணத்துக்கு, செயினுக்குப் பதில் ராபின்கள் வலக்கை பிடித்து ஒன்றரைச் சுற்று வந்தாலும் பார்ட்னரிடமே சேருவார்கள். ஆனால் எதிரே கைப்பிடித்துத் திருப்பிவிட ஆள் இல்லாமல் நேராகப் போய்ச் சேருவதால், ஆடும் உணர்வு மாறிவிடும். இதுவும் பழைய உத்திதான், சரி. ஆனால் வித்தியாசம் என்பதை இப்படித்தான் தேட வேண்டும். முன்னே பின்னே போகும் வரிசையை எடுத்துவிட்டு டோ-சி-டோ (இருவர் முதுகுப்பக்கமாக ஒருவரையொருவர் சுற்றி வருதல்) போட்டால் மட்டும் புது நடனம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் இதுபோன்ற சமூக நடனங்களைப் பதிவு செய்வதில்லை. அதனால் இது சட்டச் சிக்கல் அல்ல, மரியாதை விஷயம். முன்பே ஒருவர் அமைத்திருந்தால் உங்கள் நடனக் குறிப்பு அட்டையில் அவர் பெயரை எழுதிவிட்டு ஆடவிடுங்கள். மாற்றம் செய்திருந்தால் 'இன்னாரது நடனத்தின் மாறுபாடு' என்று போடுங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பெயர் சூட்டும்போது தலைப்பையும் அதே தொகுப்புகளில் ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுங்கள்.