கம்பெனி செலவில் லாரி லைசென்ஸ்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

நான் அமெரிக்காவில் ஒன்பது வருடமாக 53 அடி டிரெய்லர் இழுக்கிறேன். சொந்த ஊர் நாமக்கல் பக்கம். கிரீன் கார்டு வந்த கையோடு ஒரு பெரிய கம்பெனி நடத்திய பயிற்சியில் சேர்ந்துதான் சிடிஎல் எடுத்தேன் (கனரக வண்டி லைசென்ஸுக்கு இங்கே அதுதான் பெயர்). அதைப் பற்றி ஒரே கேள்வியைப் பலர் தனித்தனியாகக் கேட்கிறீர்கள், அதனால் எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன்.

கேள்வி: கம்பெனியே இலவசமாக லைசென்ஸ் எடுத்துக் கொடுக்கிறதாமே, நிஜமா அண்ணா?

இலவசம் என்று சொல்வார்கள், நீங்கள் அதைக் கடன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சிச் செலவை அவர்கள் போடுகிறார்கள், பதிலுக்குப் பெரும்பாலும் ஒரு வருடம் அவர்களிடமே ஓட்டுவதாகக் கையெழுத்து வாங்குகிறார்கள், நடுவில் விட்டுப் போனால் சில ஆயிரம் டாலர் உங்கள் தலையில். பெரிய கம்பெனிகளில் ஆள் நிற்பதில்லை. 100 ஓட்டுநர் இருக்கும் இடத்தில் வருடத்துக்குச் சுமார் 90 புது ஆள் பிடிக்க வேண்டிய நிலை பல வருடம் இருந்திருக்கிறது. அதனால்தான் இந்தத் தாராளம்.

கையெழுத்துக்கு முன் மூன்றைக் கேளுங்கள். ஆறு மாதம் ஓட்டிவிட்டுப் போனால் பாதிக் கடன் கழியுமா, இல்லை முழுசாகக் கட்ட வேண்டுமா? அவர்களே வேலையை விட்டு அனுப்பினாலும் கட்ட வேண்டுமா? டெஸ்டில் ஃபெயில் ஆனால்? என்னோடு படித்த ஒருவர் பதினோராவது மாதத்தில் அப்பாவுக்கு முடியவில்லை என்று ஊருக்குக் கிளம்பினார், முழுத் தொகைக்கும் நோட்டீஸ் வந்தது. காகிதத்தில் அப்படித்தான் இருந்தது, அவர்தான் படிக்கவில்லை.

வேறு வழியும் இருக்கிறது. உங்கள் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வயோவா நிதி பற்றி விசாரியுங்கள், தொழிற்பயிற்சிக்கு அரசு தரும் பணம் அது, 2014-ல் வந்த சட்டம். தகுதி இருந்தால் கம்யூனிட்டி காலேஜ் பயிற்சிக்கு அவர்களே கட்டுவார்கள், யாருக்கும் ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. எனக்கு அது அப்போதே தெரிந்திருந்தால் கம்பெனி பக்கமே போயிருக்க மாட்டேன்.

கேள்வி: தமிழ்நாட்டில் 12 வருடம் லாரி ஓட்டியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் விசா கிடைக்குமா?

இந்தப் பயிற்சிகள் விசா கொடுப்பதற்கானவை இல்லை தம்பி. இங்கே ஏற்கனவே வேலை செய்யும் உரிமையோடு இருப்பவர்களுக்குத்தான். அதுவும் 2025 ஆகஸ்டில் லாரி ஓட்டுநர்களுக்கான வேலை விசாவையே நிறுத்திவைத்தார்கள். யாராவது ஏஜென்ட் அமெரிக்க லாரி வேலை என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: முதல் வாரம் எப்படி இருக்கும்?

பஸ் டிக்கெட் அனுப்புவார்கள், மோட்டலில் ஓர் அறைக்கு இரண்டு பேர். முதல் நாளே போதைப்பொருள் உண்டா என்று சிறுநீர் சோதனை, சில கம்பெனிகளில் தலைமுடியும் எடுப்பார்கள். உங்கள் மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி சரியாக இருக்கலாம், லாரிக்கு ஃபெடரல் (மத்திய அரசு) சட்டம்தான், மாட்டினால் பெயர் தேசியப் பதிவேட்டில் ஏறும், 2020-லிருந்து எந்தக் கம்பெனியும் அதைப் பார்க்காமல் வேலைக்கு எடுக்க முடியாது. ஓர் உபரித் தகவல்: கசகசா அரைத்த குருமாவைச் சோதனைக்கு முந்தைய நாட்களில் தவிருங்கள். சிரிக்காதீர்கள், கசகசா சோதனையில் காட்டும்.

அப்புறம் மருத்துவப் பரிசோதனை. ரத்த அழுத்தம் 140/90-க்குக் கீழே இருந்தால் இரண்டு வருடத்துக்கு மருத்துவச் சான்று அட்டை, அதற்கு மேல் போனால் ஒரு வருடம், இன்னும் மேலே போனால் இன்னும் குறையும். பயத்திலேயே ஏறிவிடும், காலையில் காபி குடிக்காமல் போங்கள். இன்சுலின் போடுகிறவர்களும் 2018-க்குப் பிறகு, பார்க்கும் டாக்டர் படிவம் கொடுத்தால், ஓட்ட முடியும்.

கேள்வி: மூன்றே வாரத்தில் லாரி ஓட்டக் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியாது. மூன்று வாரத்தில் டெஸ்ட் பாஸ் பண்ணக் கற்றுக்கொள்ளலாம், அது வேறு. எங்கள் ஊரில் கிளீனராக ஏறுகிற பையன் டயர் தட்டி, தார்ப்பாய் கட்டி, ராத்திரியில் ஓட்டுநர் தூங்காமல் பேச்சுக் கொடுத்து, வருடக்கணக்கில் கழித்துத்தான் ஸ்டியரிங்கைத் தொடுவான். இங்கே அந்த வருடங்களை வாரங்களாக மடிக்கிறார்கள். 2022 பிப்ரவரியிலிருந்து புதியவர்களுக்குப் பயிற்சி கட்டாயம், ஆனால் அந்த ஃபெடரல் விதியில் இத்தனை மணி நேரம் என்ற கணக்கே கிடையாது. கற்றுக்கொண்டார் என்று கற்றுக்கொடுப்பவர் சொன்னால் போதும். மைதானத்தில் ஒரு வண்டிக்கு நாலைந்து பேர் வரிசையில் நிற்பீர்கள், ஸ்டியரிங் பிடிக்கும் நேரம் அதில் பங்கு போகும். ஒரு வண்டிக்கு எத்தனை மாணவர் என்று சேரும் முன்பே கேளுங்கள்.

கேள்வி: டெஸ்டில் எங்கே ஆட்கள் விழுகிறார்கள்?

சாலையில் ஓட்டுவதில் குறைவு. வண்டியைச் சுற்றிவந்து ஒவ்வொரு பாகமாகத் தொட்டு, பெயர் சொல்லி, வெடிப்பு, வளைவு, கசிவு இல்லை என்று வாயால் சொல்ல வேண்டிய பகுதியிலும், ரிவர்ஸிலும்தான்.

அதிலும் ஏர் பிரேக் சோதனையை மந்திரம் போல மனப்பாடம் செய்யுங்கள். என்ஜினை அணைத்து, பிரேக்கை மிதித்துப் பிடித்தால் காற்றழுத்தம் ஒரு நிமிடத்தில் 4 பிஎஸ்ஐக்கு (அழுத்தத்தின் அளவு) மேல் இறங்கக் கூடாது. பிரேக்கை அழுத்தி அழுத்திக் காற்றைக் குறைத்துக்கொண்டே போனால் சுமார் 60-க்கு வரும்போது எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும், 45-க்கும் 20-க்கும் நடுவில் பார்க்கிங் பிரேக் வால்வு தானாக வெளியே துள்ள வேண்டும். இதில் ஒரு படியை விட்டாலே பல மாநிலங்களில் அன்றைய டெஸ்ட் அதோடு முடிந்தது. நான் மோட்டல் பாத்ரூம் கண்ணாடியைப் பார்த்து இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன், அறை நண்பர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், பிறகு அவரும் கதவுக்கு வெளியே நின்று சொல்ல ஆரம்பித்தார்.

ரிவர்ஸ் எடுக்கும்போது டிரெய்லர் ஸ்டியரிங்குக்கு எதிர்ப்பக்கம் போகும். காரில் 20 வருட அனுபவம் இருப்பவர்தான் இதில் அதிகம் தடுமாறுவார். இறங்கிப் பார்க்க வெட்கப்படாதீர்கள், டெஸ்டிலேயே அதற்கு அனுமதி உண்டு. இன்னொன்று, ஆட்டோமேட்டிக் வண்டியில் டெஸ்ட் கொடுத்தால் கியர் வண்டி ஓட்டக் கூடாது என்று லைசென்ஸில் குறிப்பு ஏறும்.

கேள்வி: லைசென்ஸ் வந்ததும் தனியாக அனுப்பிவிடுவார்களா?

இல்லை, டிரெய்னரோடு நாலு முதல் ஆறு வாரம் போல. நிஜப் பள்ளிக்கூடம் அதுதான், நிஜக் கஷ்டமும் அதுதான். முன்பின் தெரியாத ஓர் ஆளோடு குளியலறை அளவு கேபினில் மேல் படுக்கை, கீழ் படுக்கை.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழகுநர் உரிமம் மட்டும் இருக்கும்வரை டிரெய்னர் உங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே ஆக வேண்டும். சிடிஎல் கைக்கு வந்துவிட்டால் சட்டப்படி அவர் பின்னால் போய்த் தூங்கலாம். சில கம்பெனிகள் உடனே இரண்டு பேர் மாறி மாறி ஓட்டும் டீம் கணக்கில் உங்களை இறக்கிவிடும், அப்படி ஓடும் மைல் பல இடங்களில் டிரெய்னர் சம்பளத்திலும் சேரும். எனக்கு மூன்றாவது வாரம், வயோமிங் மாநிலம், ஐ-80 நெடுஞ்சாலை, எல்க் மவுன்டன் பக்கம், ராத்திரி 2 மணி, காலி டிரெய்லரைக் காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது, பின்னால் குறட்டை. ஓரமாக நிறுத்தி எழுப்பினேன். திட்டினார்தான். ஆனால் எழுந்து வந்து முன்னால் உட்கார்ந்தார். பயமாக இருந்தால் எழுப்புங்கள், கம்பெனி அதற்காக வேலையை விட்டு அனுப்பாது. டிரெய்னர் மோசமென்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள், அதற்கென்று ஓர் எண் இருக்கும், கிளம்பும் முன்பே வாங்கி வையுங்கள்.

கேள்வி: நான் பெண். ஆண் டிரெய்னரோடுதான் போக வேண்டுமா?

பெண் டிரெய்னர் வேண்டும் என்று கேளுங்கள் அக்கா, பல கம்பெனிகள் தர முயற்சி செய்யும். பெண்ணுக்குப் பெண்தான் என்று கம்பெனியே விதி வைத்து, டிரெய்னர் இல்லாமல் பெண்களை மாதக்கணக்கில் காக்கவைத்தது சட்டவிரோதம் என்று 2014-ல் ஒரு ஃபெடரல் தீர்ப்பு வந்தது, அதனால் கம்பெனிக்குக் கம்பெனி முறை மாறும். டீமாக ஓட்டாமல், நீங்கள் ஓட்டும் நேரத்தில் மட்டுமே வண்டி ஓடி, இருவரும் வண்டி நின்றபின்தான் தூங்கும் கம்பெனியாகப் பாருங்கள். சில இடங்களில் ராத்திரிக்குத் தனி அறையும் போட்டுக் கொடுக்கிறார்கள்.

கேள்வி: சம்பளம்?

பயிற்சியின்போது வாரத்துக்கு இவ்வளவு என்று கொஞ்சம் கொடுப்பார்கள், வீட்டு வாடகைக்குப் போதாது. இரண்டு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள். தனியாக ஓட்ட ஆரம்பித்ததும் மைல் கணக்கு. சக்கரம் உருண்டால்தான் காசு, கிடங்கு வாசலில் நாலு மணி நேரம் காத்திருந்தால் பெரும்பாலும் சில்லறைதான். ஓவர்டைம் சட்டம் நமக்குப் பொருந்தாது. ஒரு நாளில் 11 மணி நேரம் ஓட்டலாம், அதையும் வேலை தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், பிறகு 10 மணி நேரம் ஓய்வு. ஆகவே மைலுக்கு எத்தனை சென்ட் என்று கேட்பதைவிட, புதியவருக்கு வாரம் எத்தனை மைல் உண்மையில் கிடைக்கிறது என்று அங்கே ஓட்டுகிறவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பயிற்சி முடிந்ததும் சொந்த லாரி எடுக்கலாம் என்று கம்பெனியே லீஸ் தருகிறதே?

வேண்டாம். வாரா வாரம் தவணை, டீசல், ரிப்பேர் எல்லாம் உங்கள் கணக்கில், லோடு கொடுப்பது மட்டும் அவர்கள் கையில். 2025 ஜனவரியில் அரசு அமைத்த குழுவே இந்த மாதிரித் திட்டத்தைத் தடை செய்யச் சொன்னது.

கேள்வி: என் ஆங்கிலம் சுமார். பரவாயில்லையா?

முன்பு ஓரளவு சமாளித்தார்கள். 2025 ஜூன் 25-லிருந்து, வழியில் வண்டியை நிறுத்திச் சோதிக்கும் அதிகாரியோடு பேசவோ சாலைப் பலகை படிக்கவோ முடியாவிட்டால் அங்கேயே வண்டி ஓட்டத் தடை. இலக்கணம் யாரும் பார்ப்பதில்லை. எங்கிருந்து வருகிறாய், என்ன சரக்கு, எத்தனை மணிக்குக் கிளம்பினாய் என்பதற்குத் தடுமாறாமல் பதில் வர வேண்டும்.

கேள்வி: என்ன எடுத்துக்கொண்டு வரட்டும்? சாப்பாடு?

கையுறை, நல்ல டார்ச், ஒளிரும் ஜாக்கெட், சொந்தப் போர்வை தலையணை, லாரிக்கான காகித அட்லஸ் (ஜிபிஎஸ் உங்களைத் தாழ்வான பாலத்துக்கு அடியில் கொண்டுபோய் விடும்). ஒரே ஒரு மென்மையான பை, பெட்டி வைக்க இடம் கிடையாது. ரைஸ் குக்கரைத் தனி வண்டி கிடைத்தபிறகு கொண்டுவாருங்கள். நான் டிரெய்னர் வண்டியில் ஒரே ஒரு தடவை சாம்பார் சூடு பண்ணினேன், நெப்ராஸ்கா முழுக்க ஜன்னலைத் திறந்துவைத்தே ஓட்டினார், ஜனவரி மாதம். பருப்புப்பொடி போதும்.