நெடுந்தீவில் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

இலங்கையின் யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கும் தீவு அது, எல்லாம் படகை நம்பித்தான். குறிகட்டுவான் இறங்குதுறையில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரம். அரிசி மூட்டை, சிமெந்து, மோட்டார் சைக்கிள் எல்லாம் ஆட்களோடு சேர்ந்தே வரும், கடல் கொந்தளித்தால் படகு ஓடாது, யாழ்ப்பாணத்தில் என்ன அவசரம் இருந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

எனக்கு மிகப் பிடித்தது அந்த மதில்கள். பவளக் கற்களைச் சாந்தே பூசாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள், இடுக்கு வழியே பக்கத்து வளவு தெரியும்.

அப்புறம் குதிரைகள். ஐரோப்பியர் ஆண்ட காலத்தில் வந்தவற்றின் வழித்தோன்றல்கள், வெளிகளில் கட்டாக்காலியாக மேய்கின்றன. கோடையில் நீர்நிலைகள் வற்றும்போது அவை படும் பாடு கொடுமை, மனிதருக்கே நல்ல தண்ணீர் தட்டுப்பாடான ஊர் அது. போகிறவர்கள் திரும்பும் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டுவிடுங்கள்.